கம்ப்யூட்டரால் சரி செய்ய முடியாத ஒன்று: கொடைக்கானலும் மேனுவல் லென்ஸும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே செய்யும் வேலை ஒன்று உண்டு. கேமரா, போன், பழைய மெமரி கார்டு என எல்லாவற்றிலும் உள்ள போட்டோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பெரிய திரையில் பார்ப்பார்கள். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கும். கேமராவின் மூன்று அங்குலத் திரையில் பளிச்சென்று தெரிந்த கொடைக்கானல் மலை, மானிட்டரில் மங்கலாகத் தெரியும். தூண் பாறைகளுக்கு முன்னால் இருக்கும் இரும்புக் கம்பி வேலி கூர்மையாக இருக்கும். பாறைகள் கலங்கலாக இருக்கும். உடனே எழும் கேள்வி, "இதனைச் சரி செய்ய எந்த சாப்ட்வேர் நல்லது?" என்பதுதான்.

என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. எந்த சாப்ட்வேரும் வேண்டாம். அதற்குச் செலவிட நினைக்கும் பணத்தில் யாரோ பயன்படுத்திய பழைய மேனுவல் போகஸ் லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். லென்ஸின் வளையத்தைக் கையால் திருப்பி போகஸ் செய்யப் பழகுங்கள். அதன் பின்னர் எடிட்டிங் கற்றுக் கொள்ளுங்கள். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், படமும் போகும் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதனைப் பார்க்கலாம்.

எதனைத் திருத்தலாம், எதனைத் திருத்த முடியாது?

ஒரு போட்டோவில் வெளிச்சம் குறைவாக இருந்தால் கம்ப்யூட்டரில் கூட்டலாம். நிறம் மஞ்சளடித்தால் சரி செய்திடலாம். அடிவானம் சாய்ந்திருந்தால் நிமிர்த்தலாம். தேவையற்ற ஓரத்தை வெட்டலாம். கிம்ப், டார்க்டேபிள் போன்ற இலவச சாப்ட்வேர்களே இவற்றை நன்றாகச் செய்து தருகின்றன. ரா பார்மட்டில் எடுத்திருந்தால் இன்னும் தாராளமாகத் திருத்தலாம்.

ஆனால் போகஸ் தவறிய படம் அப்படியல்ல. எடிட்டிங் சாப்ட்வேரில் 'ஷார்ப்பன்' என்றொரு வசதி இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கருப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பில் கருப்பை இன்னும் கருப்பாக்கி, வெள்ளையை இன்னும் வெள்ளையாக்குவதுதான் அதன் வேலை. அதனால் ஓரளவு கூர்மையான படம் இன்னும் கூர்மையாகத் தெரியும். லென்ஸ் பதிவு செய்யாத இலை நரம்பை அது எங்கிருந்தும் கொண்டு வராது. கூடுதலாக ஷார்ப்பன் செய்தால் மரங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். வானத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தோன்றும்.

இப்போது ஏஐ வந்துவிட்டதே, அது சரி செய்யாதா என்று கேட்கலாம். மங்கலான படத்தைக் கொடுத்தால் கூர்மையான படத்தைத் தருகின்ற சாப்ட்வேர்கள் இன்று உண்டு. ஆனால் அவை தருவது நீங்கள் பார்த்த இலை அல்ல. லட்சக்கணக்கான வேறு படங்களைப் பார்த்து, இங்கே இப்படி ஓர் இலை இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைந்த இலை. பிறந்த நாள் படத்தில் இது பெரிய விஷயமில்லை. ஓர் இடம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியாக எடுக்கும் படத்தில் இது பெரிய விஷயம்தான்.

பழநி மலைக்கு இப்படிச் சாட்சி தேவைப்படுகிறது. இந்த மலையின் மேல் பகுதி ஒரு காலத்தில் பெரும்பாலும் புல்வெளியும், பள்ளங்களில் சோலைக் காடுமாக இருந்தது. பின்னர் யூகலிப்டஸ், பைன், வாட்டில் மரங்கள் நடப்பட்டன. வாட்டில் தானாகவே பரவவும் செய்தது. புல்வெளி சுருங்கிக் கொண்டே வந்திருக்கிறது. அந்தப் புல்வெளியில்தான் குறிஞ்சி பூக்கிறது. 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் இந்தச் செடி 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது, அடுத்து 2030ல் எதிர்பார்க்கப்படுகிறது. 2018ல் போகஸ் தவறிய படத்தை 2019ல் போய் மீண்டும் எடுக்க முடியாது. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அப்போது அதே சரிவில் புல்வெளி இருக்குமா, வாட்டில் மரம் நிற்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஏஐ வரைந்த குறிஞ்சியை வைத்துக் கொண்டு நம் பிள்ளைகளிடம் எதனைக் காட்டுவது?

பனியில் ஆட்டோ போகஸ் ஏன் தடுமாறுகிறது?

கோக்கர்ஸ் வாக் பாதையை எடுத்துக் கொள்ளுங்கள். 1872ல் அமைக்கப்பட்ட, சுமார் ஒரு கிலோ மீட்டர் நீளமுள்ள, மலை விளிம்பை ஒட்டிச் செல்லும் நடைபாதை. காலையில் கீழே சமவெளி தெளிவாகத் தெரியும். நேரம் ஆக ஆகப் பள்ளத்தாக்கிலிருந்து பனி மேலேறி வந்துவிடும். அந்தப் பனியை நோக்கி ஆட்டோ போகஸ் கேமராவைப் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். லென்ஸ் முன்னும் பின்னுமாக ஓடும்; கீச் கீச் என்று சத்தம் வரும்; கடைசியில் எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடும். சில சமயம் படமே எடுக்காது.

இது கேமராவின் பழுது அல்ல. ஆட்டோ போகஸ் வேலை செய்திட, எதிரே வெளிச்ச வேறுபாடு உள்ள ஒரு கோடோ விளிம்போ வேண்டும். பனி அந்த வேறுபாட்டைத்தான் அழிக்கிறது. எதிரே ஒரே சாம்பல் நிறம் இருந்தால் கேமரா எதனைப் பிடிக்கும்? அப்போது வேலியோ, எதிரே வரும் ஒருவரின் குல்லாவோ கண்ணில் பட்டால் அதனைப் பிடித்துக் கொள்கிறது. உங்கள் படத்தில் வேலி கூர்மையாகவும் மலை மங்கலாகவும் வந்ததன் ரகசியம் இதுதான்.

இதே கோக்கர்ஸ் வாக்கில் பிராக்கன் ஸ்பெக்டர் என்ற காட்சி சில நாட்களில் தெரியும். சூரியன் நமக்குப் பின்னால் தாழ்வாக இருந்து, எதிரே பனி நின்றால், நம் நிழல் பனியின் மேல் பெரிதாக விழும். தலையைச் சுற்றி வானவில் வளையம் தோன்றும். சில நிமிடங்களே இருக்கும். விளிம்பே இல்லாத அந்த நிழலில் ஆட்டோ போகஸ் தடுமாறிக் கொண்டிருக்கும்போதே காட்சி கலைந்துவிடலாம்.

மேனுவல் லென்ஸில் இந்தப் பிரச்னை இல்லை. வளையத்தின் மேல் தூரம் எழுதப்பட்டிருக்கும். ஒரு மீட்டர், இரண்டு, மூன்று, ஐந்து, பத்து, கடைசியில் படுத்திருக்கும் எட்டு போன்ற முடிவிலிக் குறி. எதிரே பனி இருந்தாலும், இருட்டு இருந்தாலும் மூன்று மீட்டர் என்பது மூன்று மீட்டர்தான். நாம் வைத்த இடத்தில் லென்ஸ் நிற்கும்.

நூறாண்டுப் பாடம்:

மேனுவல் போகஸ் என்றதும் பழைய காலத்து விவகாரம் என்று முகம் சுளிப்பவர்களுக்குக் கொடைக்கானலிலேயே ஒரு பதில் இருக்கிறது. ஏரியிலிருந்து மேலே ஏறினால் வரும் சூரிய ஆய்வுக்கூடம். 1899ல் நிறுவப்பட்டது. 1904 முதல் சூரியனைப் படம் எடுத்த இடம் இது. 6 அங்குல லென்ஸ் பொருத்திய பழைய தொலைநோக்கியில் கண்ணாடித் தட்டுகளிலும் பின்னர் பிலிமிலும் தலைமுறை தலைமுறையாகப் படம் எடுத்தார்கள். 1909ல் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதனைக் கண்டறிந்ததும் இங்கேதான். அது இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது.

ஆட்டோ போகஸ் கொண்ட கேமரா கடைக்கு வந்தது 1977ல்தான். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இங்கு தொடங்கிய வரிசை இது. இன்று இந்த ஆய்வுக்கூடத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அந்தப் படங்களை டிஜிட்டலாக மாற்றி வைத்திருக்கிறது. ஒரு நூற்றாண்டில் கரும்புள்ளிகள் எப்படிக் கூடின, குறைந்தன என்று விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் ஆராய்கிறார்கள். கம்ப்யூட்டர் எவ்வளவு சக்தி உள்ளதாக இருந்தாலும், அன்று தட்டில் பதிந்ததைத்தான் அதனால் ஆராய முடியும். பதியாததை ஆராய முடியாது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதே விதிதான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். இயற்கை ஆர்வலர் மா.கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். காட்டு யானைகளைக் கருப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். அவர் கடையில் விற்கும் சமீபத்திய மாடலைத் தேடி ஓடவில்லை. வெவ்வேறு கேமரா, லென்ஸ் பாகங்களை இணைத்துத் தனக்கென ஒரு கேமராவை அமைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். பழைய லென்ஸை அடாப்டர் வைத்துப் புதிய கேமராவில் மாட்டும் நமக்கு அவர் முன்னோடி.

எந்த லென்ஸ் வாங்கலாம்?

புதியவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். எல்லா லென்ஸும் எல்லா கேமராவிலும் பொருந்தாது. வாங்கும் முன் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

1. உங்களிடம் மிர்ரர்லெஸ் கேமரா இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அதில் லென்ஸ் மாட்டும் வளையத்திற்கும் சென்சாருக்கும் இடையே உள்ள தூரம் குறைவு. எனவே சரியான அடாப்டர் வாங்கினால் பழைய நிக்கான், கேனன், பென்டாக்ஸ், ரஷ்யத் தயாரிப்பான ஹீலியோஸ் என ஏறக்குறைய எதனையும் மாட்டலாம்.

2. கேனன் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் எம்42 எனப்படும் திருகு வகை லென்ஸ்களை மெல்லிய அடாப்டர் மூலம் மாட்டலாம். ஆனால் கேனனின் சொந்தப் பழைய எப்.டி. லென்ஸ்கள் சரிப்படாது. கண்ணாடி இல்லாத சாதாரண அடாப்டரில் தூரத்து மலை போகஸ் ஆகாது. 1987ல் கேனன் தன் மவுண்ட்டை மாற்றியதே இதற்குக் காரணம்.

3. நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் நிக்கானின் பழைய ஏ.ஐ. வகை லென்ஸ்களை நேரடியாக மாட்டலாம். டி3000, டி5000 வரிசை போன்ற விலை குறைந்த கேமராக்களில் இந்த லென்ஸ்களுடன் ஒளியளவு காட்டும் மீட்டர் வேலை செய்யாது. எம் மோடில் வைத்து, ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராம் பார்த்துத் திருத்திக் கொள்ள வேண்டும். 1977க்கு முந்தைய, மாற்றம் செய்யப்படாத லென்ஸ்களைச் சில கேமராக்களில் மாட்டினால் கேமராவின் பாகம் சேதமடையலாம். மாட்டும் முன் கேமராவின் கையேட்டைப் பார்த்துவிடவும்.

4. எந்த அளவு? மலைக்கும் தெருவுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று என்றால் 28 எம்.எம். வாங்குங்கள். விலை மிகக் குறைவாக வேண்டுமென்றால் 50 எம்.எம்.; பழைய பிலிம் கேமராக்களுடன் சேர்த்தே விற்கப்பட்டதால் தாராளமாகக் கிடைக்கிறது. சிறிய ஏ.பி.எஸ்.-சி சென்சார் உள்ள கேமராவில் 50 எம்.எம். லென்ஸ் ஏறக்குறைய 75 எம்.எம். போல நெருக்கமாகக் காட்டும் என்பதனை நினைவில் கொள்க.

5. வாங்கும்போது லென்ஸின் பின்பக்கமாக டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். போகஸ் வளையம் சீராகத் திரும்ப வேண்டும். அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் இருக்கக் கூடாது.

கேமராவில் செய்ய வேண்டியவை:

பழைய லென்ஸை மாட்டியவுடன் பல மிர்ரர்லெஸ் கேமராக்கள் "லென்ஸ் இல்லை" என்று சொல்லிப் படம் எடுக்க மறுக்கும். பயப்பட வேண்டாம். மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டரை இயக்கும் வசதி இருக்கும்; அதனை ஆன் செய்திடவும். அடுத்து, விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் போகஸ் பீக்கிங் வசதியை இயக்கவும். தெருவில் இது மிகவும் உதவும். ஆனால் இதுவும் வெளிச்ச வேறுபாட்டை நம்பியே வேலை செய்கிறது. பனி நாளில் பீக்கிங்கை நம்பாமல், திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வளையத்தைத் திருப்புவதே நல்லது.

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் லைவ் வியூ சென்று பெரிதாக்கிப் பார்க்கலாம். நிக்கானில் வியூ பைண்டருக்குள் ஒரு சிறிய புள்ளி, போகஸ் சரியானவுடன் எரியும். மேனுவல் லென்ஸுக்கும் அது வேலை செய்யும்.

கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு குறிப்பு. வியூ பைண்டருக்கு அருகில் ஒரு சிறிய சக்கரம் இருக்கும். உங்கள் பார்வைக்கு ஏற்ப அதனைத் திருப்பி வைத்துக் கொள்ளுங்கள். "எனக்குக் கையால் போகஸ் செய்ய வரவில்லை" என்று சொல்பவர்களில் பலர் இந்தச் சக்கரத்தைத் தொட்டதே இல்லை.

மலைக்கு ஒரு கணக்கு:

மலையைப் படம் எடுக்க வளையத்தை முடிவிலிக்குத் திருப்பிவிட்டால் போதும் என்று நினைப்பது இயல்பு. அதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, அடாப்டர் மாட்டிய பல லென்ஸ்கள் முடிவிலியைத் தாண்டியும் திரும்பும். கடைசி வரை திருப்பினால் தூரத்து மலை மங்கலாகிவிடும். ஒரு முறை தூரத்து மரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, உங்கள் லென்ஸுக்கு உண்மையான முடிவிலி எங்கே என்று கண்டுபிடித்து வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, முடிவிலியில் வைத்தால் அருகில் உள்ள புல்லும் பூவும் மங்கலாகும். இதற்கு ஒரு வழி உண்டு. 28 எம்.எம். லென்ஸை எப் 8 அபர்ச்சரில் வைத்து, ஏ.பி.எஸ்.-சி கேமராவில் 5 மீட்டருக்கு போகஸ் செய்திடுங்கள். இரண்டரை மீட்டரில் தொடங்கி அடிவானம் வரை எல்லாமே ஏற்கத்தக்க கூர்மையுடன் வரும். புல் பிரேம் கேமராவில் 3.3 மீட்டருக்கு வைத்தால் சுமார் 1.7 மீட்டரில் தொடங்கி அடிவானம் வரை கிடைக்கும். இதனை ஹைப்பர்போகல் தூரம் என்பார்கள். ஆட்டோ போகஸ் கேமரா இதனைத் தானாகச் செய்வதில்லை. அது மலையையோ பூவையோ ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும்.

லென்ஸின் மேலேயே இந்தக் கணக்கு கோடுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அவை 35 எம்.எம். பிலிமுக்காகப் போடப்பட்டவை. ஏ.பி.எஸ்.-சி கேமராவில் எப் 8 வைத்திருந்தால் எப் 5.6க்கான கோடுகளைப் பின்பற்றுங்கள்.

இதனைப் பழக நல்ல இடம் பூம்பாறை. கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் செல்லும் வழியில், சாலையின் மேலிருந்து பார்த்தால் படிக்கட்டு வயல்களும் நடுவே நெருக்கமான வீடுகளும் தெரியும். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் பகுதி இது. அருகே ஒரு செடி, நடுவே வயல், பின்னே மலை என மூன்று அடுக்குகள் ஒரே சட்டத்தில் அமையும். குறிஞ்சி ஆண்டவர் கோயிலும் நல்ல இடம். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து பழநி மலையையே பார்க்கலாம்.

தெருவுக்கு வேறு கணக்கு:

தெருவில் நிற்பவர் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். அங்கே கையால் போகஸ் செய்தால் தாமதமாகாதா? ஆகாது, முன்கூட்டியே வைத்துவிட்டால். 28 எம்.எம்., எப் 8, தூரம் 3 மீட்டர். இப்படி வைத்தால் ஏ.பி.எஸ்.-சி கேமராவில் ஏறக்குறைய 1.9 மீட்டர் முதல் 7.6 மீட்டர் வரை கூர்மையாக இருக்கும். அந்த எல்லைக்குள் யார் வந்தாலும் கேமராவைத் தூக்கிப் பட்டனை அழுத்தினால் போதும். ஆட்டோ போகஸ் தேடும் நேரம் கூட இதில் இல்லை. 50 எம்.எம். லென்ஸில் இதே எல்லை சுமார் 2.5 முதல் 3.7 மீட்டராகச் சுருங்கிவிடும். தெருவுக்கு 28 என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஷட்டர் வேகம் 250ல் ஒரு பங்கு வினாடி இருக்கட்டும். பனி மூட்டமான நாளில் ஐ.எஸ்.ஓ. 800 வரை ஏற்றத் தயங்க வேண்டாம்.

1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் திருவண்ணாமலைக்கு வந்து படம் எடுத்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், பெரும்பாலும் பயன்படுத்தியது லைக்கா கேமராவும் 50 எம்.எம். லென்ஸும்தான். கையால் போகஸ் செய்தே தெருப் படக் கலைக்கு உலகளவில் இலக்கணம் வகுத்தவர் அவர்.

கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குச் செல்லுங்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து காய்கறி, பூண்டு, பழம் வந்திறங்கும். ஏரிக்கரையில் குதிரைக்காரர்கள், சோளம் சுடுபவர்கள், சைக்கிள் வாடகைக்கு விடுபவர்கள் இருப்பார்கள். 3 மீட்டர் என்பது ஒருவர் நம்மைப் பார்க்கும் தூரம். நாம் அவரிடம் பேசக் கூடிய தூரம். ஜூம் லென்ஸை வைத்துக் கொண்டு சாலையின் மறுபக்கம் நின்று ஒருவருக்குத் தெரியாமல் முகத்தைப் பிடிப்பதை விட இது நேர்மையானது என்று நான் கருதுகிறேன். "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். மலையில் வேலை செய்பவர்கள் சுற்றுலாக் காட்சிப் பொருள்கள் அல்ல. எடுத்த படத்தை அவர்கள் கேட்டால் ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டு போய்க் கொடுங்கள். அடுத்த முறை அவர்களே கூப்பிட்டு நிற்பார்கள்.

இனி கம்ப்யூட்டருக்கு வரலாம்:

மேனுவல் லென்ஸால் கம்ப்யூட்டருக்கும் ஒரு நன்மை உண்டு. ஆட்டோ போகஸில் 400 படம் எடுத்து வருபவர், கையால் போகஸ் செய்யும்போது 60, 70 படங்களுடன் திரும்புவார். 24 மெகாபிக்ஸல் கேமராவின் ரா பைல் ஒன்று சுமார் 25 முதல் 30 எம்.பி. இருக்கும். 400 ரா பைல்கள் என்றால் 10 முதல் 12 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் இடம் ஒருபுறம் இருக்கட்டும். 400 படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு எத்தனை மாலை நேரம் வேண்டும்? பலர் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கில் போட்டதோடு சரி.

படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவுடன் இவற்றைச் செய்திடவும்.

முதலில், ஒவ்வொரு படத்தையும் 100 சதவீத அளவில் பாருங்கள். திரைக்கு அடங்கிய சிறிய அளவில் எல்லாப் படமும் நன்றாகவே தெரியும். 100 சதவீதத்தில்தான் போகஸ் எங்கே விழுந்தது என்று தெரியும். வேண்டாதவற்றை அன்றே நீக்கவும்.

இரண்டாவது, போல்டருக்கு ஆண்டு, மாதம், தேதி, ஊர் என்ற வரிசையில் பெயர் கொடுங்கள். ஐ.எம்.ஜி. என்று கேமரா கொடுத்த எண்ணை அப்படியே விட்டால் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு எந்தப் படம் எங்கே எடுத்தது என்று உங்களுக்கே தெரியாது.

மூன்றாவது, மேனுவல் லென்ஸ் பொதுவாகத் தன் அபர்ச்சரைக் கேமராவிடம் சொல்லாது. படத்தின் எக்சிப் தகவலில் அந்த இடம் காலியாகவோ தவறாகவோ இருக்கும். எனவே ஒரு சிறிய நோட்டில் லென்ஸ், அபர்ச்சர், தூரம் ஆகியவற்றைக் குறித்து வந்து, அதே போல்டரில் ஒரு டெக்ஸ்ட் பைலாகச் சேமியுங்கள். எந்தக் கணக்கு உங்களுக்குச் சரியாக வந்தது என்று அதிலிருந்தே கற்றுக் கொள்வீர்கள்.

நான்காவது, ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்ப வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று என மூன்று நகல்கள் இருக்கட்டும். 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் பூவின் படம் ஒரு டிஸ்க் பழுதால் அழியக் கூடாது.

லென்ஸையும் மறக்க வேண்டாம். மலையின் குளிரிலிருந்து கீழே சமவெளியின் வெப்பத்துக்கு வந்தவுடன் பையைத் திறந்தால் குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும். பை மூடியபடியே ஓரிரு மணி நேரம் இருக்கட்டும். பின்னர் சிலிகா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரம்தான் பூஞ்சைக்கு உணவு.

ஆட்டோ போகஸே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. ஓடும் குழந்தை, பறக்கும் பறவை, திருமண மேடை ஆகியவற்றுக்கு ஆட்டோ போகஸ் அருமையான கருவி. அங்கே பழைய லென்ஸை வைத்துப் பிடிவாதம் பிடிப்பது வீண். போனில் மட்டும் படம் எடுப்பவர்கள் லென்ஸ் வாங்கவும் வேண்டாம். பல போன்களில் புரோ மோடில் மேனுவல் போகஸ் வசதி இருக்கிறது, அதில் பழகலாம். என் வாதம் ஒன்றுதான். எந்த இடம் கூர்மையாக வர வேண்டும் என்று முடிவு செய்பவர் நீங்களாக இருக்க வேண்டும். அதனை ஒரு முறை கையால் கற்றுக் கொண்டவர், பின்னர் ஆட்டோ போகஸையும் தன் சொல்படி கேட்க வைப்பார். கற்றுக் கொள்ளாதவர், எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் வாங்கினாலும், மாதச் சந்தா கட்டி எடிட்டிங் சாப்ட்வேர் வைத்திருந்தாலும் வேலியைத்தான் கூர்மையாக எடுத்து வருவார்.

கொடைக்கானல் செல்லும் முன் ஒரு வேலையைக் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடுங்கள். சொந்த வண்டியில் வருபவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொண்டு வரப்பட்டது. இணையத்தில் அப்போதைய விதிகளைப் பார்த்துப் பதிவு செய்து கொண்டு கிளம்புங்கள். அதற்கும் முன்னால், இந்த மாதமே உங்கள் மொட்டை மாடியில் தொடங்குங்கள். துணி காயும் கயிறு ஒன்று, எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒன்று, தூரத்துக் கோயில் கோபுரம் ஒன்று. மூன்றையும் ஒரே படத்தில் கூர்மையாகக் கொண்டு வாருங்கள். அது கைவந்துவிட்டால், குறிஞ்சிச் செடியும் அதன் பின்னால் புல்வெளிச் சரிவும் ஒரே படத்தில் வருவது கடினமல்ல. 2030க்குள் பழகிவிடலாம்.